மூத்தவளால் எனக்குத் தொந்தரவே இல்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நான் திருமணமாகிக் கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. யீஷூனில் நான்கறை வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். இளையவனுக்கு எட்டு வயது. மூன்று வயதாகியும் பேச்சு வராததால் மருத்துவரிடம் காட்டினோம், ஆட்டிசம் என்றார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நான் ஏறி இறங்காத படி இல்லை. மருத்துவமனை, பேச்சுப் பயிற்சி, ஆரம்பகாலப் பயிற்சி நிலையம், இப்போது சிறப்புப் பள்ளி, குடும்பச் சேவை நிலையம், பண உதவிக்கு இன்னோர் அலுவலகம். எங்கே போனாலும் எத்தனையாவது மாதத்தில் தவழ்ந்தான், எப்போது நடந்தான், உறவில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி, என் பிள்ளையைப் பற்றி நானே யாரோ ஒருவன் என்பதுபோலப் பேசப் பழகிவிட்டேன்.

வீட்டிலும் ஆறுதல் இல்லை. "எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததில்லை" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். கணவர் ஜூரோங் தீவில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பகலில் தூங்குபவரை எழுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அவர் இதுவரை எந்தச் சந்திப்புக்கும் வந்ததில்லை.

எங்களுக்கென்று அமர்த்தப்பட்ட சமூக ஊழியர் ஒன்றரை ஆண்டில் இரண்டு முறை மாறிவிட்டார். இப்போது வந்திருப்பவர் இளம்பெண், தமிழ் தெரியாது. என் ஆங்கிலம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். அதனால் உயர்நிலை இரண்டில் படிக்கும் மூத்தவளை உடன் அழைத்துச் செல்கிறேன். படிவங்களை நிரப்புவது, அரசாங்க இணையச் சேவைகளுக்கான என் சிங்பாஸ் கணக்கில் நுழைந்து விண்ணப்பம் போடுவது, தம்பியின் பள்ளியிலிருந்து வருவதைப் படித்துச் சொல்வது எல்லாம் அவள்தான். ஜனவரி மாதச் சந்திப்பில் அந்தப் பெண் நீளமாக ஏதோ கேட்டார். "உங்களுக்குப் பிறகு தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கிறார்கள், அம்மா" என்றாள் மகள். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் பேசாமல் இருந்ததால் மகளே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண்ணும் குறித்துக்கொண்டார். போதாக்குறைக்கு, புறப்படும்போது, அடுத்த முறை மகளை அழைத்து வர வேண்டாம், தமிழ் தெரிந்த ஒருவரை நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றார். முன்பின் தெரியாதவர் முன்னால் வீட்டு விஷயத்தைச் சொல்லலாமாம். பெற்ற மகள் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். அந்த அவமானத்தில் அடுத்த சந்திப்புக்கு நான் போகவே இல்லை.

இளையவன் இரவில் இரண்டு மணிக்கு எழுந்தால் விடியும்வரை தூங்குவதில்லை. அதற்கும் மாமியார் என் வளர்ப்பைத்தான் சொல்கிறார். நல்லவேளையாக மூத்தவளால் எனக்குத் தொந்தரவே இல்லை. சனிக்கிழமை நடன வகுப்பைக்கூடத் தம்பிக்காகத் தானாகவே விட்டுவிட்டாள். ஒரே குறை, இரவில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் இருக்கிறாள். கேட்டால் முகம் கழுவினேன் என்கிறாள். பிப்ரவரியிலிருந்து தண்ணீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கும் பேச்சு எனக்குத்தான்.

ஒரே இடத்தில் எல்லா உதவியும் கிடைக்க வழியே இல்லையா, அம்மா? ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்கிறவர் யாராவது இந்த ஊரில் உண்டா?

இப்படிக்கு,
யீஷூனில் ஒரு தாய்

*

அன்புச் சகோதரிக்கு,

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேரும் சலிப்பில் முழு நியாயம் இருக்கிறது. நோயறிதல் மருத்துவமனையில் நடக்கிறது, ஆரம்பகாலப் பயிற்சி ஆறு வயதோடு முடிகிறது, ஏழாம் வயதில் சிறப்புப் பள்ளி வருகிறது, பண உதவிக்கு வேறொரு கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் தனிக் கோப்பு. உடற்குறை, சிறப்புத் தேவை உள்ளோருக்கான உதவிகளை ஒருங்கிணைக்கவே 2013இல் எஸ்ஜி எனேபல் அமைக்கப்பட்டது. எந்த உதவிக்கு எங்கே போவது என்பதை அவர்களுடைய 1800 8585 885 என்ற எண்ணில் கேட்கலாம். இளையவனின் விவரங்களை எல்லாம் ஒரு தாளில் ஒருமுறை எழுதிப் பிரதி எடுத்துக்கொண்டால், பாதிக் கேள்விகளுக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும். மாமியாரைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். இன்று நான் உங்களிடம் பேச விரும்புவது உங்கள் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றி.

பதினான்கு வயதுப் பெண் முகம் கழுவ முக்கால் மணி நேரம் ஆகாது. உள்ளே நடப்பது வெளியே கேட்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் குழாயைத் திறந்து வைப்பார்கள். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்களே எழுதியிருக்கும் மாதங்களைப் பாருங்கள். சந்திப்பு நடந்தது ஜனவரியில். கட்டணம் ஏறத் தொடங்கியது பிப்ரவரியில்.

அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்பதை அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து ஒருமுறை யோசித்துப் பாருங்கள். "உங்களுக்குப் பிறகு யார்" என்ற கேள்வி உங்கள் காதுக்கு வரும் முன்னரே அவள் மனத்தில் இறங்கிவிட்டது. அம்மா ஒருநாள் இருக்கமாட்டாள் என்பதைத் தமிழில் எந்தச் சொற்களால் அம்மாவிடமே சொல்வது என்று அவள்தான் தேட வேண்டியிருந்தது. சொன்னாள். நீங்கள் வாயடைத்துப் போனீர்கள். எதிரே ஒருவர் பேனாவோடு காத்திருந்தார். அந்த மௌனத்தை யாராவது நிரப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்; நிரப்பினாள். என்ன சொன்னாள் என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் சனிக்கிழமை நடன வகுப்பைத் தானாகவே விட்டாள் என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சேர்த்துப் படிக்கும்போது, "நான் பார்த்துக்கொள்வேன்" என்றுதான் சொல்லியிருப்பாள் என்று என் மனம் சொல்கிறது.

உங்களைப் புண்படுத்தியதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த இளம் ஊழியரை இந்த ஒரு விஷயத்தில் நான் முழுமையாக ஆதரிக்கிறேன். அவர் உங்களை அவமதிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து உங்கள் இருவரையும் பார்த்தவர் அவர். அந்த வேலை ஒரு பள்ளிப் பிள்ளையின் தோளில் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. அதை உங்களிடம் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார். தமிழ் பேசுகிற ஓர் ஊழியரோ மொழிபெயர்ப்பாளரோ வந்தால் வீட்டு விஷயம் வெளியே போய்விடும் என்று அஞ்சுகிறீர்கள். அங்கே கேட்டதை இரகசியமாக வைத்துக்கொள்வது அவர்களின் பணியில் அடங்கியது. உங்கள் மகளுக்கோ அலுவலக நேரம் முடிந்து வீடு திரும்பும் வசதி இல்லை. கேட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு உங்களுடன் அதே பேருந்தில் ஏறி அதே வீட்டுக்குத்தான் வருகிறாள்.

கடிந்துகொள்வதற்காக இதை எழுதவில்லை. மொழி தெரியாத ஊரில் கணவர் பகலெல்லாம் உறங்க, இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளையோடு நிற்கும் ஒரு தாய் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்வாள். எட்டியது மகளின் கை. ஆனால் "ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்கிறவர் யாராவது உண்டா" என்று கேட்கிறீர்களே, அப்படி ஒருத்தி உங்கள் வீட்டிலேயே இத்தனை ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருக்கிறாள். அவள் எந்த நிலையத்தின் பட்டியலிலும் இல்லை. தம்பிக்கு இத்தனை கோப்புகள் இருக்கும் வீட்டில் அவள் பெயரில் ஒன்றுகூட இல்லை. தொந்தரவே இல்லை என்று நீங்கள் பெருமையாகச் சொல்வதை நான் கவலையோடுதான் படித்தேன். அந்த வயதில் கொஞ்சமாவது தொந்தரவு கொடுக்காத பெண், அதற்கு இந்த வீட்டில் இடமில்லை என்று முடிவுகட்டியிருப்பாள்.

விட்டுப்போன சந்திப்புக்கு வேறொரு நாள் கேளுங்கள். உங்கள் கணவரின் ஓய்வு நாளில் கேளுங்கள். அவர் வர வேண்டும். இதில் அவருக்குச் சலுகை காட்டாதீர்கள். தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவைப் பிரிவிலும் தமிழில் பேச ஆள் உண்டு. அந்தக் கடினமான கேள்விக்கு இந்த ஊரில் பதில் இருக்கிறது என்பதையும் அங்கே இருவருமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்என்டிசி என்னும் இலாப நோக்கமற்ற அறநிதி நிறுவனம், பெற்றோரின் காலத்துக்குப் பிறகு சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குப் பணமும் பராமரிப்பும் எப்படிக் கிடைக்க வேண்டும் என்று திட்டம் எழுத உதவுகிறது. மத்திய சேமநிதிப் பணம் மாதாமாதம் பிள்ளைக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்யும் திட்டமும் உண்டு. பெரியவர்கள் உட்கார்ந்து கையெழுத்திட வேண்டிய காரியங்கள் இவை.

மகளுக்கென்று அவள் பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார்; அவரிடம் நீங்களே பேசுங்கள், உங்களுக்காக அவளைப் பேச வைக்காதீர்கள். இரவு நேரத்தில் யாரிடமாவது பேசத் தோன்றினால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அவள் உயிரை வெறுத்துப் பேசினாலோ, உடலில் காயங்களைக் கண்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767இல் அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்பாக, ஒரு மாலை இளையவனைக் கணவரிடம் விட்டுவிட்டு அவளை மட்டும் கீழே அழைத்துச் செல்லுங்கள். அன்று அந்த அறையில் அவள் ஆங்கிலத்தில் என்ன சொன்னாள் என்று கேளுங்கள். உடனே சொல்லமாட்டாள், காத்திருங்கள். சொன்னபிறகு, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பாவுடையதும் அம்மாவுடையதும்தான், அதற்கான ஏற்பாட்டை நாங்கள் செய்கிறோம் என்று உங்கள் வாயால், தமிழில், அவளிடம் சொல்லுங்கள். நடன வகுப்புக் கட்டணத்தையும் கையோடு கட்டிவிடுங்கள். தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றி மட்டும் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்