பாறையில் ஒட்டிய பாசி நம் தெப்பத்துப் பாசிதானா?

கேள்வி: பாக் விரிகுடாக் கரையில் எங்கள் மகளிர் குழு மூங்கில் தெப்பங்களில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை வளர்க்கிறது. விதைப்பாசியில் சில கொத்துகள் பச்சையாகவும் சில பழுப்பாகவும் உள்ளன. அருகிலுள்ள பாறையிலும் இதே போன்ற பாசி ஒட்டியிருக்கிறது. எல்லாம் ஒரே இனமா? மரபணுச் சோதனையில் தெரியுமா?

பதில்: நிறத்தை வைத்து இனத்தை முடிவு செய்ய வேண்டாம். கப்பாபைகஸ் அல்வரேசி என்னும் ஒரே இனத்தில் பச்சை, பழுப்பு, சிவப்பு நிறங்கள் உண்டு. கிளைகளின் பருமனும் வெயிலுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மாறும். ஹவாயின் கானியோஹே வளைகுடாவில், 1970-களில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுப் பவளத்திட்டுகளில் பரவிய கப்பாபைகஸ், அதன் நெருங்கிய உறவான யூக்கிமா ஆகிய பாசிகளைத் தோற்றத்தால் பிரித்தறிவது கடினமாக இருந்ததால், அவற்றை மரபணு வரிசையால் அடையாளம் காணும் முறையை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. உங்களுக்கும் அவ்வழியே ஏற்றது. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள காக்ஸ்-1 மரபணு, காக்ஸ்-2-க்கும் காக்ஸ்-3-க்கும் இடைப்பட்ட பகுதி ஆகியவற்றைப் பிசிஆர் என்னும் நகலெடுக்கும் முறையில் பெருக்கி, வரிசையைப் படித்து, ஏற்கெனவே பதிவான வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். யூக்கிமா கலந்திருந்தால் தெரிந்துவிடும். பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்னும் கூழ்மப் பொருளில் யூக்கிமா தருவது அயோட்டா வகை, உங்கள் பாசி தருவது கப்பா வகை என்பதால் விற்பனைக்கும் இது முக்கியம்.

ஆனால் இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இப்பாசி துண்டு துண்டாக நறுக்கிக் கட்டியே பெருக்கப்படுவதால், பக்கத்து ஊர்த் தெப்பங்களிலும் இதே மரபுவழிதான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே பாறைப் பாசியின் வரிசை உங்கள் பாசியோடு ஒத்திருந்தால், அது வளர்ப்புப் பாசியின் வழிவந்தது என்று கருதலாமே தவிர, யாருடைய தெப்பத்திலிருந்து பிய்ந்து போனது என்று சொல்ல இயலாது. பச்சைக் கொத்தும் பழுப்புக் கொத்தும்கூட ஒரே வரிசையைக் காட்டக்கூடும்.

மாதிரி எடுக்கும்போது மிகுந்த கவனம் தேவை. நுனியிலிருந்து விரல்நுனி அளவு இளந்துண்டை வெட்டி, மேலே படர்ந்திருக்கும் மெல்லிய நூற்பாசியைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். அதுவும் சிவப்புப் பாசியாக இருந்தால் அதன் மரபணுவே பெருகி முடிவு பிழையாகும். ஒவ்வொரு கொத்துக்கும் தனி உறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை இட்டு உலர்த்தி, எடுத்த இடம், நாள், நிறம் ஆகியவற்றை எழுதுங்கள். ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், அது மரபணுவைச் சிதைக்கும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருட்கள் ஆராய்ச்சி நிலையத்தின் களநிலையத்தை அணுகிக் கேளுங்கள்.

மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இப்பாசி உயிருள்ள பவளங்களை மூடிப் பரவியது 2008-இல் பதிவாகியுள்ளது. எனவே மாதிரி எடுத்ததும், சோதனை முடிவுக்குக் காத்திராமல், பாறைப் பாசியை அடிப்பற்றோடு கையால் அகற்றிக் கரையில் உலர்த்திவிடுங்கள். கடலில் நழுவும் சிறு துண்டும் மீண்டும் தழைத்துவிடும்.