நான்கு குறிக்கோள்களும் ஒரு செல்போனும்

கேள்வி: எனக்கு வயது 29. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் நான்கு குறிக்கோள்களை எழுதி மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன்: கணக்கியல் தேர்வின் கடைசிக் கட்டத்தை முடிப்பது, ஜெர்மன் கற்பது, 12 கிலோ எடை குறைப்பது, ஒரு நாவல் எழுதுவது. 1953-ல் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களில் குறிக்கோளை எழுதி வைத்த 3 சதவீதம் பேர், 20 ஆண்டுகள் கழித்து மற்ற 97 சதவீதம் பேரையும் சேர்த்தாலும் அவர்களைவிட அதிகச் சொத்து வைத்திருந்தார்களாம். அதைப் படித்துத்தான் எழுதினேன். உறவினர், நண்பர் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாதல்லவா? பத்து மாதம் ஆகிறது, ஒன்றும் நகரவில்லை. எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம். கவனம் சிதறாமல் இருக்க வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: செல்போனுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த யேல் ஆய்வு. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. தன்னம்பிக்கை மேடைகளில் பல ஆண்டுகள் கைதட்டல் வாங்கிய கதை அது. பிறகு சிலர் யேலிடமே விசாரித்தார்கள். அப்படி ஓர் ஆய்வு எங்கள் பதிவுகளில் இல்லை என்று பதில் வந்துவிட்டது. ஆண்டையும் பல்கலைக்கழகத்தையும் மாற்றி ஹார்வர்டின் பெயரிலும் அதே கதை உலவுகிறது. எழுதி வைப்பதில் தவறில்லை. ஆனால் காகிதம் உங்களுக்காக உட்கார்ந்து படிக்காது.

அடுத்து, எல்லோரிடமும் சொன்னது. பின்வாங்க முடியாது என்று நினைத்தீர்கள், பத்து மாதமாக யாருக்கும் தெரியாமல் பின்வாங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இன்னார் ஆகப்போகிறேன் என்ற எண்ணத்தை இன்னொருவர் கேட்டுத் தலையாட்டிவிட்டால், அதற்கான உழைப்பு குறைந்துபோகிறது என்பது அதில் தெரிந்தது. "நாவல் எழுதப்போகிறேன்" என்றதும் நண்பர் வியப்போடு பார்த்திருப்பார். நாவலாசிரியருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்காக ஐந்நூறு பக்கம் எழுத யாருக்குத்தான் மனம் வரும்? எடை குறைப்பதைச் சொன்னதில் பெரிய சேதமில்லை. நாவலைச் சொன்னதுதான் சேதம்.

இப்போது உங்கள் பட்டியல். செல்போன் கவனத்தைச் சிதறடிக்கிறது என்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தச் சுவர்க் காகிதம்தான் அதைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது என்று தோன்றுகிறது. கணக்கியல் புத்தகத்தைத் திறந்தால் ஜெர்மன் உறுத்தும். ஜெர்மனுக்குப் போனால் நாவல் கூப்பிடும். மூன்றையும் மூடிவிட்டு நடக்கக் கிளம்பினால் தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனம் எண்ணும். இந்த அலைச்சலில் களைத்துப்போன மனம் ஒதுங்குகிற நிழல்தான் செல்போன். நான்குமே நல்லவை என்பதுதான் சிக்கல். கெட்டதை விட்டுவிட நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், நல்லதை விட்டுவிட யாரும் சொல்லித் தரவில்லை.

ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணித அறிஞரின் கதையைச் சொல்கிறேன், இது நடந்தது. பத்து வயதில் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் என்ற கணிதக் கூற்றைப் பார்த்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக யாரும் நிரூபிக்காதது. நான் நிரூபிப்பேன் என்று ஆசைப்பட்டார். பிறகு நடந்ததைக் கவனியுங்கள்: ஆராய்ச்சி மாணவரானபோது அந்த ஆசையை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டார். அப்போது அதற்குள் நுழைய வழி ஏதும் இல்லை. நீள்வட்ட வளைகோடுகள் என்ற வேறு துறையில் உழைத்தார். 1986-ல் கென் ரிபெட் என்பவர், அந்தத் துறையில் உள்ள ஓர் ஊகத்தை நிரூபித்தால் ஃபெர்மா தேற்றமும் தானாக நிரூபணமாகிவிடும் என்று காட்டினார். கதவு திறந்தது. அன்றுமுதல் வைல்ஸ், ஃபெர்மாவோடு தொடர்பில்லாத ஆராய்ச்சிகளையெல்லாம் நிறுத்தினார். மாநாடுகளுக்குப் போவதைக் குறைத்தார். வகுப்பெடுப்பதை விடவில்லை, குடும்பத்தையும் விடவில்லை. மனைவிக்குத் தெரியும், சக பேராசிரியர் ஒருவரிடம் கடைசிக் கட்டத்தில்தான் வாய் திறந்தார். என்ன செய்கிறார் என்ற சந்தேகம் வராதிருக்க, முன்பே முடித்து வைத்திருந்த ஆய்வைச் சிறு சிறு கட்டுரைகளாகப் பிரித்து அவ்வப்போது வெளியிட்டாராம்! ஏழு ஆண்டுகள் அப்படிப் போயின.

1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். உலகமே கொண்டாடியது. சில மாதங்களில் அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. எல்லோர் கண்ணும் படும்படி உட்கார்ந்து அதைச் சரிசெய்தது தனக்கு ஒத்துவராத வழி, மறுபடி அப்படிச் செய்ய விருப்பமில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்து, 1994 செப்டம்பரில் அடைத்து முடித்தார். அதற்குள் வயது 41. கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு வரம்பு 40. பதக்கம் இல்லை. அவர் உட்கார்ந்தது பதக்கத்துக்காக இல்லை என்பதால் கதை அங்கே முடிந்துவிடவில்லை.

"அவர் மேதை, நிரந்தர வேலையும் இருந்தது" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மாத வாடகையை நினைத்துத் தூங்காதவரிடம் ஏழு ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்வது அயோக்கியத்தனம். உங்களிடமும் அதைச் சொல்லவில்லை. வைல்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மேதைமை அல்ல, ஒதுக்கி வைக்கும் துணிச்சல். சிறுவயது ஆசையையே வழி பிறக்கும்வரை மூட்டை கட்டி வைத்தார் அல்லவா? அதைக் கைவிட்டது என்று நீங்கள் சொல்வீர்களா?

உங்கள் நான்கில் கதவு திறந்திருப்பது எது என்று பாருங்கள். கடைசிக் கட்டம் மட்டும் மிச்சமுள்ள தேர்வு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் படிக்கப்போவது நீங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு நாளும் நேரமும் இடமும் குறியுங்கள். "தினமும் படிப்பேன்" என்று பொதுவாக வேண்டாம். "இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், உள்ளறை மேஜையில், ஐந்தாம் பாடம்" என்று இருக்கட்டும். இதே கோல்விட்சர் 1990-களில் மாணவர்களிடம் விடுமுறையில் எழுதி அனுப்பும்படி ஓர் அறிக்கை கேட்டார். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் அனுப்பினார்கள். அப்படி முடிவு செய்யாதவர்களில் மூன்றில் ஒருவர்தான். இவர்களுக்கும் எண்ணம் இருந்தது, நேரம்தான் குறிக்கப்படவில்லை.

செல்போனை அந்த நேரத்தில் வேறு அறையில் வையுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சுவர்க் காகிதத்தை இன்றே கிழியுங்கள். எந்த மூன்றை ஒதுக்கினீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நான்காவது எப்படிப் போகிறது என்று எனக்கும் சொல்ல வேண்டாம்.