பனிக்குத் தாங்கும் மல்லிகை உண்டா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகள் போன வைகாசியில் மல்லிகைக் கன்று வாங்கி, வாசலில் சாடியில் வைத்தாள். சீட்டில் ‘பல்லாண்டுச் செடி’ என்று போட்டிருந்ததாம். கார்த்திகை பிறக்கவே கருகிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? நான் போகும்போது இங்கிருந்து கன்று கொண்டுபோகலாமா?
— ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை அம்மா, முழுவதையும் சொல்லவுமில்லை. மல்லிகை பல்லாண்டுச் செடிதான், ஆனால் உவர்மலையில். மார்கழி மழையிலும் நமக்கு 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அங்கே பூச்சியத்துக்குக் கீழே 20 வரை போகும் இரவுகள் உண்டு.

சீட்டில் பார்க்க வேண்டியது வலய எண். வட அமெரிக்காவில் ஊர்களைக் குளிரின்படி பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். எண் குறையக் குறையக் குளிர் கூடும். செடியின் சீட்டில் இருப்பது அது தாங்கக்கூடிய மிகக் குளிரான வலயத்தின் எண். ரொறன்ரோ ஏறக்குறைய 6, மல்லிகைக்கு 9க்குக் குறையக் கூடாது. ஆகவே 6 அல்லது அதற்குக் குறைந்த எண் உள்ள செடியைத்தான் மகள் வெளியே வைக்கலாம். அதுவும் நிலத்தில் நட்டால். நிலத்தில் வேரை மண்ணும் மேலே விழும் பனியும் போர்த்திக் காக்கும்; சாடியில் நாலு பக்கமும் குளிர் ஏறும். சாடிக்கென்றால் இரண்டு எண் குறைத்து, 4 என்று போட்டதை வாங்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப் பூவும் வாசமும்தான் வேண்டுமென்றால் ‘மொக் ஒறேஞ்’ என்று கேட்கட்டும். தோடம்பூ வாசம், கோடை தொடக்கத்தில் பூக்கும், 4ஆம் வலயத்தையும் தாங்கும். பனிக்காலத்தில் இலை கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு, சொல்லி வையுங்கள். லைலாக், பியோனி என்ற பூச்செடிகள் இரண்டும் இன்னும் கெட்டி. பியோனிக்குக் குளிர் இல்லாவிட்டால் பூவே வராது. மல்லிகைதான் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால், இரவு 10 பாகைக்கு இறங்கும்போதே வீட்டுக்குள் வெயில் படும் யன்னலோரம் வந்துவிட வேண்டும்.

இங்கிருந்து கன்றா? வேண்டாம். நம் ஊர் மண் ஒட்டிய கன்றைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள். விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.

பணம் திரும்ப வருமா என்றால், இந்த மல்லிகைக்குச் சிரமம். அங்கே பல கன்றுக்கடைகள் புதர்ச்செடிகளுக்கு ஒரு வருட உத்தரவாதம் தருகின்றன; வலயத்துக்குப் பொருந்தாததற்கும் வீட்டுக்குள் வளர்ப்பதற்கும் பெரும்பாலும் தருவதில்லை. அடுத்த முறை வாங்குமுன் உத்தரவாதம் எதற்கு, எவ்வளவு காலம் என்று கேட்டு, பற்றுச்சீட்டையும் செடியின் சீட்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளட்டும்.