குட்டி நாயை எந்தக் கிளாஸில் இறக்குவது? – கேள்வி பதில்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். குட்டி வாங்கியாகிவிட்டது, பேப்பர் (கென்னல் கிளப்பில் பதிவு செய்த சர்டிபிகேட்) இருக்கிறது, டாக் ஷோவில் காட்ட ஆசை, ஆனால் ஃபாரத்தில் எந்தக் கிளாஸை, அதாவது எந்தப் போட்டிப் பிரிவை, எழுதுவது என்று தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் டாபர்மேனும் லாப்ரடாரும் வளர்த்து, ஜட்ஜ் நாயைப் பார்க்கும் ரிங்கில் ஓடியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெருந்துறையிலிருந்து, லாப்ரடார் ஆண், ஐந்து மாதம்: அண்ணா, மைனர் பப்பி, பப்பி, ஜூனியர், இன்டர்மீடியட், பிரெட் இன் இந்தியா, ஓபன் என்று ஆறு கிளாஸ் போட்டிருக்கிறார்கள். எதில் ஜெயிப்பது சுலபம்?

தம்பி, சந்தையில் மாட்டைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்கிறோம்? பல் எத்தனை என்று. பல் போடாத கன்றையும் எல்லாப் பல்லும் போட்டுக் கடை சேர்ந்த காளையையும் யாரும் பக்கத்தில் நிறுத்தி விலை பேசுவதில்லை. ஷோவிலும் அதே கணக்குதான். முதல் நான்கு கிளாஸும் வயதை வைத்துப் பிரித்தவை. நம் பக்கத்து ஷோக்களில் வழக்கமாக மைனர் பப்பி 4 முதல் 6 மாதம், பப்பி 6 முதல் 12, ஜூனியர் 12 முதல் 18, இன்டர்மீடியட் 18 முதல் 24. பிரெட் இன் இந்தியா என்பது இந்த நாட்டில் பிறந்த நாய்களுக்கு. ஓபனில் வெளிநாட்டிலிருந்து இறக்கிய நாயும் வரும், நன்றாக முதிர்ந்த நாயும் வரும்.

சுலபமான கிளாஸ் என்று ஒன்று கிடையாது. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று கிளாஸ் நடக்கும். அதில் முதலாவது வந்தவர்கள், சாம்பியன் பட்டத்துக்குக் கணக்கில் வரும் சேலஞ்ச் சர்டிபிகேட்டுக்காக மறுபடி ஒரே ரிங்கில் நிற்பார்கள். ஆளில்லாத கிளாஸாகப் பார்த்து ஜெயித்தாலும், அடுத்த பத்து நிமிடத்தில் மற்ற கிளாஸில் ஜெயித்த நாய்களின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். மைனர் பப்பிக்கு மட்டும் அந்த சர்டிபிகேட் போட்டி கிடையாது. உங்கள் குட்டிக்கு இடம் மைனர் பப்பிதான். இந்த வயதில் இறக்கலாமா என்பதற்குக் கொஞ்சம் கீழே பதில் இருக்கிறது.

கோபியிலிருந்து: வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்குப் போடுவது?

ஷோ நடக்கும் தேதியை வைத்து. ஃபாரம் எழுதும் தேதியை வைத்து அல்ல. இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். குட்டி ஜனவரி 10 பிறப்பு. ஜூன் 28 அன்று ஃபாரம் எழுதும்போது ஐந்தரை மாதம் என்று மைனர் பப்பியில் போட்டுவிட்டேன். ஷோ ஜூலை 20. அன்றைக்கு அவளுக்கு ஆறு மாதம் பத்து நாள். வீட்டில் எல்லோரும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ரிங் வாசலில் கேட்டலாக்கை, அதாவது ஷோவுக்கு வந்த நாய்களின் பட்டியலைப் பார்த்தவர் பிறந்த தேதியில் விரலை வைத்து, "இது இந்தக் கிளாஸ் இல்லைங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னதுதான் சரி. என் மகள் அந்தக் குட்டியைக் கட்டிக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து காலண்டரில் ஷோ தேதியைச் சுழித்து, பக்கத்திலேயே அன்றைய வயதை மாதமும் நாளுமாக எழுதி வைத்துவிட்டுத்தான் ஃபாரத்தைத் தொடுவேன்.

பல்லடத்திலிருந்து, ராட்வைலர் பெண், நாலரை மாதம்: மைனர் பப்பியில் ஒருமுறை காட்டிவிடலாமா, ஆறு மாதம் தாண்டட்டுமா?

அம்மணி, குட்டியின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நாய்க்குப் பால் பல் 28, நிலைப்பல் 42. நாலாவது மாதத்தில் முன்பல் விழ ஆரம்பிக்கும். ஐந்து, ஐந்தரையில் கோரைப்பல் மாறும். ஏழு மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மைனர் பப்பி கிளாஸ் இந்தப் பல் மாறும் காலத்தின் நடுவில் வந்து உட்காருகிறது. ஈறு வீங்கிச் சிவந்திருக்கும், தொட்டாலே வலிக்கும். ஜட்ஜ் எவ்வளவு மெதுவாக வாயைத் திறந்தாலும் குட்டிக்குத் தெரிவது ஒன்றுதான்: முன்பின் தெரியாத ஆள் வந்தார், வாயில் கை வைத்தார், வலித்தது. அதை அது மறப்பதில்லை. என்னிடம் இருந்த ஒரு டாபர்மேன் ஆணை ஐந்து மாதம் ஒரு வாரத்தில் கொண்டு போனேன். ஜட்ஜ் உதட்டைத் தூக்கியபோது ஆடிக்கொண்டிருந்த கோரைப்பல் அவர் விரலோடு வந்துவிட்டது. ரத்தம் ஒரு சொட்டுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், ஜட்ஜ் முகத்துக்கு நேரே வந்தாலே தலையைத் திருப்பிக்கொள்வான். உடம்பில் குறையில்லாத நாய் அது. குறை என் அவசரத்தில் இருந்தது.

அதனால் என் பழக்கம் இதுதான். நாலரை மாதத்தில் ஈறு சாந்தமாக இருந்து, குட்டி துள்ளிக்கொண்டு புதியவர்களிடம் போனால், உள்ளூர் ஷோவில் ஒருமுறை காட்டுவேன். கூட்டம், மைக் சத்தம், மற்ற நாய்களின் வாசனை எல்லாம் பழகட்டும் என்பதற்காக மட்டும். ஐந்து முதல் ஏழு மாதம் வரை வீட்டிலேயே வைத்திருப்பேன். அந்த நேரத்தில் பழைய கோரைப்பல் விழாமல் புதியது பக்கத்தில் முளைக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டும் சேர்ந்து நின்றால் டாக்டரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் புதுப்பல் இடம் மாறிக் கடியே கோணிவிடும். அப்புறம் எந்தக் கிளாஸில் போட்டாலும் அந்தக் கோணல் கூடவே வரும்.

உடுமலையிலிருந்து: தடுப்பூசி எல்லாம் எப்போது முடிந்திருக்க வேண்டும்?

பார்வோ, டிஸ்டெம்பருக்கான குட்டிப் பருவ ஊசிகளில் கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குக் கொஞ்சம் பிறகோ வரும். அது போட்டு இரண்டு வாரமாவது போகட்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நூறு நாய் நடந்த மைதானத்தில் பாதி ஊசி போட்ட குட்டியை இறக்கிவிடாதீர்கள். ரேபிஸ் ஊசி போட்டதற்கான புத்தகமும் கையில் இருக்கட்டும்.

காங்கயம் பக்கத்திலிருந்து, டாபர்மேன் ஆண், ஒன்பது மாதம்: ஏழு மாதத்தில் அவ்வளவு அழகாக இருந்தான். இப்போது காலும் முதுகும் தனித்தனியாகத் தெரிகிறது. இன்னும் பப்பி கிளாஸில் இருக்கும்போதே காட்டிவிடலாமா?

நீங்கள் காங்கயத்துக்காரர். கன்று பிறக்கும்போது என்ன நிறம்? செம்பழுப்பு. அதே கன்று ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் நிற மயிலையாக மாறுகிறது. நடுவில் ஒரு பருவம், அங்கங்கே சிவப்பு நின்று, அங்கங்கே சாம்பல் ஏறி, எந்த நிறம் என்றே சொல்ல முடியாது. அந்தக் கன்றைக் கண்ணபுரத்துச் சந்தைக்கு யாராவது பந்தாவாக ஓட்டிக்கொண்டு போவார்களா? உங்கள் பையன் இப்போது அந்தப் பருவத்தில் இருக்கிறான். பெரிய இனங்களில் எலும்பு நீளமாக வளர்ந்த பிறகுதான் மார்பு இறங்கும், சதை பிடிக்கும். எலும்பு முனையில் வளர்ச்சி நிற்கவே ஒரு வயது, ஒன்றரை வயது கூட ஆகும். சின்ன இனங்களில் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த ஷோவை விட்டுவிடுங்கள். அடுத்ததையும் விட்டாலும் நஷ்டமில்லை. 13, 14 மாதத்தில் ஜூனியரில் இறக்குங்கள். அதுவரைக்கும் சைக்கிளில் கட்டி ஓட்டுவது, மாடிப்படி ஏற்றி இறக்குவது, உயரத்திலிருந்து குதிக்க வைப்பது எதுவும் வேண்டாம். காலையில் தோட்டத்து மண்ணில் தானாக ஓடட்டும். சதை ஏற வேண்டும் என்று கால்சியம் பொடியை அள்ளிக் கொட்டாதீர்கள். நல்ல குட்டித் தீவனம் தின்னும் பெரிய இனக் குட்டிக்கு அதற்கு மேல் கால்சியம் கொடுத்தால் எலும்புக்குத்தான் கெடுதல்.

சிங்காநல்லூரிலிருந்து, பீகிள் பெண், ஷோ அன்று 11 மாதம் 20 நாள்: பப்பியில் போடுவதா, அடுத்த மாத ஷோவில் ஜூனியரில் போடுவதா?

யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள். வயது கிளாஸை முடிவு செய்துவிடுகிறது, நம் கையில் இருப்பது எந்த ஷோ என்பது மட்டும்தான். பீகிள் சீக்கிரம் தேறும் இனம். பதினொன்றரை மாதத்தில் அவளுக்கு உடம்பு ஏறக்குறைய முழுதாகத் தேறியிருக்கும். பப்பி கிளாஸில் ஏழு மாதக் குட்டிகளுக்கு நடுவே மூத்தவளாக நிற்பாள். அடுத்த மாதம் ஜூனியருக்குப் போனால் 17 மாத நாய்களுக்கு நடுவே இளையவள். இந்த மாதமே பப்பியில் காட்டுங்கள். இதே கேள்வியை மாஸ்டிஃப் வைத்திருப்பவர் கேட்டிருந்தால், இரண்டும் வேண்டாம், இன்னும் அரை வருடம் போகட்டும் என்று சொல்லியிருப்பேன்.

ஈரோட்டிலிருந்து: லண்டனில் இருக்கும் மச்சான், ஜூனியர் கிளாஸுக்கு ஆறு மாதம் ஆனாலே போதும் என்கிறார். நீங்கள் பன்னிரண்டு என்கிறீர்கள்.

மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. பிரிட்டனில் ஜூனியர் 6 முதல் 18 மாதம், மைனர் பப்பி 6 முதல் 9. எஃப்.சி.ஐ. என்ற சர்வதேசக் கென்னல் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் ஐரோப்பிய ஷோக்களில் பப்பி 6 முதல் 9, ஜூனியர் 9 முதல் 18, இன்டர்மீடியட் 15 முதல் 24. பெயர் ஒன்று, கணக்கு வேறு. நீங்கள் போகும் ஷோவின் ஷெட்யூலில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் உங்களுக்கு விதி. யூடியூபில் வெளிநாட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு ஃபாரம் எழுதாதீர்கள்.

கரூரிலிருந்து, ஜெர்மன் ஷெப்பர்ட் பெண், 14 மாதம்: நன்றாகத் தேறியிருக்கிறாள். ஓபனில் போட்டால் கௌரவம் என்கிறார்கள்.

கௌரவம் நாய்க்குத் தெரியாது அம்மணி. ஓபனில் மூன்று, நான்கு வயது நாய்கள் நிற்கும். மார்பு இறங்கி, தலை விரிந்து, நடை ஒரே சீராக வரும். பக்கத்தில் 14 மாதப் பெண் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் கண்ணுக்கு மெல்லிசாகத்தான் தெரிவாள். ஜூனியரில் நின்றால் ஜட்ஜ் அவளை அவள் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவார். பிரெட் இன் இந்தியாவும் இதே மாதிரிதான். அதில் வயது வரம்பு தடுக்காது என்பதாலேயே முதிர்ந்த நாய்கள் வரும். ஒன்றே முக்கால், இரண்டு வயதில் அவளே அந்தப் பக்கம் போகட்டும். இன்னொன்று, கோடையில் ரோமம் கொட்டிவிடும் இனம் இது. சித்திரை வெயிலில் கரூரில் வளரும் ஷெப்பர்டும் குன்னூர் குளிரில் வளரும் ஷெப்பர்டும் மே மாதம் ஊட்டி ஷோவில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும். ரோமம் இருக்கும் மாதமாகப் பார்த்துக் காட்டுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: எட்டு மாதம். ஒரு விதைதான் இறங்கியிருக்கிறது. காட்டலாமா?

வேண்டாம் தம்பி. எஃப்.சி.ஐ. இனத் தரவிதிகளின் முடிவில், ஆண் நாய்க்கு இரண்டு விதைகளும் பைக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ஜட்ஜ் கையால் தொட்டே பார்ப்பார். ஆறு மாதம் தாண்டியும் இறங்காதது இனி இறங்குவது அபூர்வம். உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காட்டுங்கள். உள்ளே தங்கும் விதையில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இரண்டையும் எடுக்கச் சொல்வார்கள். இது பரம்பரையாக வருவது, அதனால் இனப்பெருக்கத்துக்கும் விடக்கூடாது. ஷோ இல்லையென்றால் என்ன, வீட்டு நாயாக அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

தாராபுரத்திலிருந்து, சிப்பிப்பாறை ஆண், 16 மாதம்: பேப்பர் கிடையாது. அப்பன் ஆத்தா இரண்டும் எங்கள் சொந்தக்காரர் தோட்டத்து நாய்கள்.

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் இரண்டும் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வளங்கள் அமைப்பின் பதிவேட்டில் ஏறிய நம் இனங்கள். பேப்பர் இல்லாத நாட்டு இன நாயை, தகுதியுள்ள ஜட்ஜ் நேரில் பார்த்து இன அடையாளம் சரியாக இருந்தால் பதிவு செய்யும் வழி கென்னல் கிளப்பில் இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள், மைக்ரோசிப் போடுங்கள், அப்புறம் ஃபாரம். பிறந்த தேதியை வீட்டில் யாராவது எழுதி வைத்திருந்தால் அதைக் கொடுங்கள். உத்தேசமாகச் சொன்னால் கிளாஸும் உத்தேசமாகிவிடும். 16 மாதத்துக்கு ஜூனியர் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். ஷோவுக்கென்று கொழுக்க வைக்காதீர்கள். ஓடிப் பிடிக்கும் நாய் அது. பின்பக்கத்து விலா எலும்பு இரண்டு மூன்று லேசாகத் தெரிய வேண்டும், வயிறு மேலே ஏறி நிற்க வேண்டும். பார்க்கிறவர்கள் "சோறு போடறதில்லையா" என்று கேட்பார்கள், கேட்கட்டும். கனத்த சங்கிலியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மெல்லிய கயிற்றில் தினமும் இருபது காலடி நேராகப் போய்த் திரும்பப் பழக்குங்கள். ரிங்கில் ஜட்ஜ் கேட்பதும் அதைத்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து, கோல்டன் ரிட்ரீவர், ஷோ அன்று ஏழரை மாதம்: பதிவு சர்டிபிகேட் இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது. ஊட்டிக்குக் கொண்டு போகலாமா?

பெயர் மாற்றத்துக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள். மாறி வரும் வரை, சர்டிபிகேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையெழுத்தில்லாமல் ஃபாரம் போகாது. கிளாஸ் பப்பி, அதில் குழப்பமில்லை. கொண்டை ஊசி வளைவில் குட்டிக்கு வாந்தி வரும். முதல் நாள் இரவே மேலே போய்த் தங்குங்கள், காலையில் வெறும் வயிறாகவே வைத்திருங்கள். ரிங்குக்கு அரை மணி முன்னால் நாலு துண்டு வேகவைத்த கோழி போதும். அதில் இரண்டு துண்டை ஜட்ஜ் பல் பார்த்து முடித்த பிறகு கொடுக்க பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.