ஆய்வகம் இல்லாமல் சிப் பாதுகாப்பு ஆய்வு செய்ய முடியுமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கணினிப் பொறியியல் கடைசி வருஷம். வன்பொருள் பாதுகாப்பில் முதுகலை ஆய்வு செய்ய ஆசை. சிப் வடிவமைத்துப் பார்க்கும் வசதி எனக்கு இல்லை. வீட்டில் இருப்பது அண்ணன் விட்டுப்போன 2015 மாடல் இன்டெல் லேப்டாப் ஒன்றுதான். இதை வைத்து என்ன செய்ய முடியும்?

பதில்: முதலில் அந்த லேப்டாப்பை விற்றுவிடாதீர்கள். உங்கள் வேலைக்குப் புதுசைவிட அதுதான் உசத்தி. 2018 ஜனவரியில் வெளியே வந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை, அந்தக் காலத்து இன்டெல் சிப்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. பிறகு வந்தவற்றில் வன்பொருளிலேயே அடைத்துவிட்டார்கள்.

நம்ம ஊர் பன்னி சௌ கடையை நினைத்துக்கொள்ளுங்கள். (தமிழ்நாட்டு வாசகர்கள் பயப்பட வேண்டாம், ரொட்டிக்குள் கறி ஊற்றித் தருவது.) தினமும் பீன்ஸ் கேட்கிறவர் வாசலில் தெரிந்ததுமே கடைக்காரர் பீன்ஸ் சட்டியை முன்னால் இழுத்து நிரப்ப ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு அவர் மட்டன் கேட்டால் ரொட்டியை மாற்றிவிடலாம். சட்டி முன்னால் வந்தது வந்ததுதான். அடுத்தவருக்குப் பீன்ஸ் சட்டென்று கிடைத்தால், முன்னால் வந்தவர் வழக்கமாக என்ன சாப்பிடுவார் என்று ஊகித்துவிடுவார்.

பிராசஸரும் இப்படித்தான் முந்திக்கொண்டு கணக்குப் போடுகிறது. தப்பென்றால் விடையைத் தூக்கிப் போட்டுவிடும். கேஷுக்குள், அதாவது பிராசஸரிலேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகத்துக்குள், கொண்டுவந்த தரவு அங்கேயே கிடக்கும். கேஷில் இருப்பதை எடுக்கச் சில கடிகாரச் சுழற்சிகள் (பிராசஸரின் துடிப்புகள்) போதும். பிரதான நினைவகத்துக்குப் போனால் இருநூறு, முந்நூறு ஆகும். மெல்ட்டவுனில் கூடுதல் அநியாயம் ஒன்று. 'இதைப் படிக்க உனக்கு அனுமதி இல்லை' என்று பிராசஸர் தடுப்பதற்குள், கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரகசியத்தை வைத்து அடுத்த வேலை ஓடி முடிந்திருக்கும்; அதன் தடம் கேஷில் கிடக்கும்.

பலரும் பிராசஸரைப் போலவே நடித்துக்காட்டும் மென்பொருளான ஜெம்ஃபைவ் சிமுலேட்டரிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் மாதம் அளந்து பழகுங்கள். லினக்ஸில், சி மொழியில் சின்ன நிரல்: ஒரு முகவரியைக் கேஷிலிருந்து வெளியேற்றிப் படியுங்கள், நேரம் குறியுங்கள்; உடனே திரும்பப் படித்துக் குறியுங்கள். லட்சம் தடவை. வரைபடத்தில் கேஷுக்கு ஒன்று, பிரதான நினைவகத்துக்கு ஒன்று என்று இரண்டு குன்றுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் தெரியாது. பிராசஸர் வேகம் ஏறி இறங்கும், தரவை முன்கூட்டியே கேஷுக்குக் கொண்டுவரும் பிரீஃபெட்சர் குறுக்கே வரும், நிரல் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டுவதுதான் பயிற்சி. 2014இல் ஃபிளஷ்-ரீலோட் முறையை வெளியிட்ட யுவால் யாரோமும் கத்ரீனா ஃபால்க்னரும் இதே நேர வித்தியாசத்தை வைத்துத்தான் ரகசியச் சாவியை எடுத்துக்காட்டினார்கள். அதற்காக அவர்கள் சிப் எதையும் செய்யவில்லை.

அப்புறம் கெர்னலின் பாதுகாப்புத் திருத்தங்களை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை மெல்ட்டவுனை ஓட்டிப் பாருங்கள். சொந்த லேப்டாப்பில் மட்டும், இணையத்தைத் துண்டித்துவிட்டு. கல்லூரி சர்வரில் கை வைத்தால் தென்னாப்பிரிக்காவின் 2020ஆம் வருஷத்து சைபர் குற்றச் சட்டம் இருக்கிறது.

புதிய தடுப்பு முறை யோசிக்கும்போது சிமுலேட்டர் தேவைப்படும். நிஜ சிப்பைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாக ஓடும். மின்வெட்டில் ஓட்டம் வீணாகாமல் இருக்க செக்பாயின்ட் (அதுவரை ஓடியதன் சேமிப்பு) எடுத்துக்கொண்டே போங்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் கேப்டவுனிலுள்ள தேசிய உயர்திறன் கணினி மையத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

வழிகாட்டியைத் தேடும்போது நீளமான ஆய்வுத் திட்டத்தை அனுப்பாதீர்கள். அந்த இரண்டு குன்று வரைபடத்தையும், அது முதலில் ஏன் குழம்பிக் கிடந்தது என்று அரைப் பக்கமும் அனுப்புங்கள்.