கப்பா, கிராமா? – அடுப்படி கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் ஒரு கேக் செய்முறை அனுப்பியிருக்கிறாள். 2 கப் மைதா, 1 கப் சர்க்கரை, 1 கப் வெண்ணெய். ஒரு கப்புக்கு 250 கிராம் என்று கணக்கு வைத்து எடை போட்டு எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: வேண்டாம்மா, மைதா இரண்டு பங்காகிவிடும். அந்த ஊர் கப் சுமார் 240 மில்லி பிடிக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால்தான் 240 கிராம். சர்க்கரை என்றால் 200 கிராம், வெண்ணெய் 227, தேன் 340 வரை போகும். மைதா வெறும் 125தான்.

இதில் வம்பு பிடித்தது மைதாதான். மயிலாப்பூரில் நான் எடுக்கும் கேக் வகுப்பில் முதல் வேலையே இதுதான். தராசில் காலிக் கப்பை வைத்து பூஜ்யமாக்கி, மைதாவை ஸ்பூனால் மெதுவாக அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிடச் சொல்வேன். 120, 125 என்று காட்டும். அதே கப்பை மேடையில் நாலு தட்டு தட்டினால் மாவு ஒரு விரற்கடை இறங்கும். இறங்கிய இடத்தை நிரப்பிப் பார்த்தால் 145ஐத் தாண்டியிருக்கும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளுபவர்களுக்கு இன்னும் கூடும். இரண்டு கப்பில் 50 கிராம் மாவு அதிகமானால் கேக் வறண்டு உதிரும். பழியை ஓவன் மேல் போடுவோம்.

உங்கள் செய்முறைக்கு 250 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை எடுங்கள். வெண்ணெய்க்கு ஆவின் அரைக் கிலோ பாக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டினால் சரியாக இருக்கும். மகளிடம் அவள் மாவை எப்படி அள்ளுகிறாள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ரைஸ் குக்கரோடு வந்த கப்பும் அம்மா கொடுத்த ஆழாக்கும் ஒன்றா? இட்லிக்கு எதில் அளப்பது? (வாசகி, திருவான்மியூர்)

பதில்: ஒன்றில்லை. குக்கர் கப் ஜப்பான் கணக்கு, 180 மில்லி. அரிசி ஏறக்குறைய 150 கிராம் பிடிக்கும். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று. ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. பட்டணம் படிக்கு ஆழாக்கு 200 மில்லிக்குப் பக்கத்தில் வரும், தெற்கே அதைவிடச் சின்னது. அம்மா எந்த ஊரில் வாங்கினார் என்பதைப் பொறுத்தது உங்கள் ஆழாக்கு. அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

இட்லிக்கு இந்தக் கவலையே வேண்டாம். நாலுக்கு ஒன்று என்பது விகிதம்தானே? அரிசியை எதில் அளந்தீர்களோ அதிலேயே உளுந்தையும் அளந்தால் போதும். இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். அரிசியைத் தலைதட்டி, உளுந்தைக் கோபுரமாக அளந்துவிட்டு மாவு பொங்கி வழிகிறது என்று எனக்கு எழுதக் கூடாது! உப்பில் மட்டும் கவனம். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் வரும். கல் உப்பில் இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறையும், அரை ஸ்பூன் கூடப் போட்டால் தவறில்லை.

கேள்வி: 1 லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருக்கிறது. 90 கிராம் ஏமாற்றுகிறார்களா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: இல்லை சார். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் மேலே மிதக்கிறது. நெய்யும் அப்படித்தான். மைசூர்பாகுக்கு 200 கிராம் நெய் என்று இருந்தால், உருக்கிய நெய்யை 220 மில்லி அளந்து ஊற்றுங்கள். ஆனால் பாக்கெட்டில் லிட்டர் எவ்வளவு என்று பார்த்தே வாங்குங்கள். பார்வைக்கு ஒரு லிட்டர் போல இருந்து, உள்ளே அதைவிடக் குறைவாக இருக்கும் பாக்கெட்டுகளும் கடையில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கின்றன.