செல்களை எண்ணும் வேலைக்கு மகளை விடுங்கள்

மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லை, வீட்டை அடமானம் வைத்தாவது சேர்த்துவிடு என்று உறவினர்கள் நெருக்குகிறார்கள், மகளோ ஆய்வகத்துக்குத்தான் போவேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தவிப்பு புரிகிறதம்மா. ஆனால் அடமானம் வேண்டாம். விருப்பமில்லாத படிப்புக்கு வாங்கும் கடன், பிடிக்காத வேலையை விடக்கூட அவளை விடாது. நெருக்குகிறவர்களில் யார் வட்டி கட்டப்போகிறார்கள்?

புற்றுநோய் செல் வளரும் வேகத்தை அளப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டீர்கள். வேலைதான். பெருங்குடல் புற்றுநோய் செல்களை 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் உள்ள இன்குபேட்டரில் வளர்ப்பார்கள். தட்டில் ஒட்டியிருப்பவற்றை டிரிப்சின் என்ற நொதியை விட்டுப் பிரித்து, டிரிப்பான் புளூ சாயம் கலந்து, கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். செத்த செல் நீலமாகும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. 1 லட்சம் செல்கள் 72 மணி நேரத்தில் 8 லட்சமானால் மூன்று முறை இரட்டித்திருக்கின்றன, அதாவது இரட்டிப்புக்கு 24 மணி நேரம். பெருங்குடல் புற்றுநோய் செல்களிலேயே எச்.சி.டி.-116 என்ற வகை ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிக்கும். கேகோ-2 என்ற வகை இரண்டு நாளுக்கு மேல் எடுக்கும். இந்த வேகம் தெரியாமல் ஒரு மருந்து வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

எண்ணினால் மட்டும் போதாது, சந்தேகப்படவும் வேண்டும். உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை ஊதாவாக மாற்றும் எம்.டி.டி. சோதனையில் அந்த ஊதா நிறம் குறைந்தால் செல்கள் குறைந்துவிட்டன என்று பலரும் முடிவுகட்டுவார்கள். அது அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை; செல்கள் அப்படியே இருந்து மந்தமானாலும் நிறம் குறையும். ‘குறைந்தது செத்ததாலா, பிளவுபட்டுப் பெருகாமல் நின்றதாலா?’ என்று உங்கள் மகள் கேட்டாளாமே, அதைக் கண்டுபிடிக்கத்தான் இ.டி.யூ. என்ற அடையாளப் பொருளைச் சேர்த்து, செல் பிளவுக்கு முன் உண்டாக வேண்டிய புது டி.என்.ஏ. உருவாகிறதா என்று பார்க்கிறார்கள். இப்படிக் கேட்கிற பிள்ளையைத் திசைதிருப்பாதீர்கள்.

உயிர்வேதியியலோ உயிரித்தொழில்நுட்பமோ, கட்டணம் குறைவான கல்லூரியாகப் பாருங்கள். செல் வளர்ப்பு அறையில் மாணவர்களே கைப்பட வேலை செய்கிறார்களா என்று நேரில் கேளுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வைக்கும் இடம் வேண்டாம். புள்ளியியலையும் சேர்த்துப் படிக்கட்டும். முதுகலை வரை போக வேண்டியிருக்கும், தொடக்கச் சம்பளம் சிறியதுதான், விடுமுறையிலும் செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை மாற்றப் போக வேண்டும். இதெல்லாம் அவளுக்கு இப்போதே தெரியட்டும்.

அப்புறம், உறவினர்களுக்குப் பதில் சொல்ல அவளை முன்னால் நிறுத்தாதீர்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.